ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு: க்ளோனா, இமேஜா, புது விண்டோஸா?

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, "எந்த க்ளோன் சாஃப்ட்வேர் நல்லது?" க்ளோன் என்றால் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. சாஃப்ட்வேர் பிறகு. பழைய டிஸ்க் என்ன நிலையில் இருக்கிறது, புதியது அதைவிடச் சிறியதா பெரியதா, உள்ளே இருக்கிற விண்டோஸ் சுமந்துகொண்டு போகத் தகுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரே வழிதான். அதிலும் டிஸ்க்கின் உடல்நிலை மோசமாக இருந்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வேலையே இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை இறக்கித் திறந்தால் டிஸ்க் நலமா, எச்சரிக்கையா, மோசமா என்று நிறத்தோடு காட்டும். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கை. சி5, இப்போது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. சி6, சோதித்தும் தேறாதவை. ஒவ்வொரு வரியின் கடைசியில் உள்ள ரா மதிப்பு பதினாறடிமான எண்ணில் வரும். அங்கே 10 என்று இருந்தால் பதினாறு என்று பொருள். மெனுவில் தசம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றும் சுழியமாக இருந்தால் எந்த வழியில் போனாலும் சரி. 05 மட்டும் சிறு எண்ணாக, நாள்கணக்கில் ஏறாமல் நின்றால் உடனே நகலெடுத்துவிடலாம். சி5 சுழியத்தைத் தாண்டியிருந்தால் சாதாரண க்ளோன் கருவி பாதியில் நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சி7 ஏறியிருந்தால் பதற வேண்டியதில்லை. அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. பத்து நிமிடத்தில் கேபிளை மாற்றிவிடலாம்.

நேரடி க்ளோன்: எந்தக் கருவி எதற்கு

டிஸ்க் நலமாக இருக்கிறது, விண்டோஸும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் நேரடி க்ளோன்தான் குறைந்த வேலை. இங்கே இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுப்பவை: மேக்ரியம் ரிஃப்ளெக்ட், அக்ரோனிஸ், எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் இலவசக் கருவிகள். மற்றது, பென்டிரைவிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் ஓடாதபோது நகலெடுப்பவை: க்ளோன்சில்லா, அதே வேலையை மவுசால் செய்யவிடும் ரெஸ்க்யூசில்லா.

நிறுவனக் கருவிகளில் ஒரு நிபந்தனை உண்டு. சாம்சங்கின் கருவி சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டுமே எழுதும். வெஸ்டர்ன் டிஜிட்டல், க்ரூஷியல் இரண்டும் தருகிற அக்ரோனிஸ் பதிப்பு, அந்தந்த நிறுவனத்தின் டிஸ்க் ஒன்றாவது இணைந்திருந்தால்தான் திறக்கும். யுஎஸ்பி பெட்டிக்குள் எஸ்எஸ்டியைப் போட்டு இணைத்தால், பெட்டியின் சிப் டிஸ்க்கின் பெயரை மறைத்துவிடுவதால் சில நேரம் கருவி அதை அடையாளம் காணாது. வேறு கேபிள், வேறு பெட்டி மாற்றிப் பார்க்கலாம். மேக்ரியத்தின் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. 30 நாள் சோதனைப் பதிப்பு இருக்கிறது. 

இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு டிஸ்க்கின் அளவில்தான் வெளிப்படும். 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டும். 480 ஜிபி எஸ்எஸ்டியை 447 என்று காட்டும். "ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே" என்று வாங்கிவந்தால், அந்த 18 ஜிபியில் க்ளோன்சில்லா "இலக்கு சிறியது" என்று சொல்லி நின்றுவிடும். டிஸ்க்கில் 100 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி) எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்று வரும், அது போதும். 1 டிபி டிஸ்க் 931.

சரி, டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கிவிட்டு க்ளோன்சில்லா ஓட்டலாமே என்றால், இரண்டு முட்டுக்கட்டைகள் வரும். 931 ஜிபியில் 200 மட்டுமே நிரம்பியிருந்தாலும், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்துகொண்டு 450-க்குக் கீழே சுருக்கவிடாது. ஹைபர்னேட், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து, பிறகு சுருக்கினால் பெரும்பாலும் வழிவிடும். இரண்டாவது முட்டுக்கட்டையைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10-இன் வழக்கமான அமைப்பில் முதலில் 100 எம்பி இஎஃப்ஐ (பூட் கோப்புகள் இருக்கும் பகுதி), அடுத்து 16 எம்பி ஒதுக்கிடம், பிறகு சி, அதற்கும் பின்னால் டிஸ்க்கின் கடைசி ஓரத்தில், விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் ரெகவரி பார்ட்டிஷன். சி-யை எவ்வளவு சுருக்கினாலும் ரெகவரி 931-ஆவது ஜிபியிலேயே குந்தியிருக்கும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகி பார்ட்டிஷன்களை நகர்த்தும் ஜிபார்ட்டெட் லைவ் மூலம் அதை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தால்தான் க்ளோன்சில்லா ஒப்புக்கொள்ளும்.

மேக்ரியம், அக்ரோனிஸ் போன்றவை இந்த வேலையையெல்லாம் தாங்களே பார்த்துக்கொள்ளும். சி-யைச் சிறியதாக்கி, ரெகவரியை அதன் பின்னால் ஒட்டிவைக்கும். ஆகவே எங்கள் பரிந்துரை இது: பெரிய டிஸ்க்கிலிருந்து சிறிய எஸ்எஸ்டிக்கு என்றால் விண்டோஸுக்குள் ஓடும் கருவி, சம அளவுக்கோ பெரியதற்கோ என்றால் க்ளோன்சில்லா. பெரியதற்குப் போகும்போதும் ரெகவரி ஒரு வேலை வைக்கும். சி-க்கு ஒட்டியே அது வந்து அமர்ந்துவிடுவதால், மிச்ச இடம் டிஸ்க்கின் கடைசியில் சும்மா கிடக்கும்; சி-யை நீட்டும் பொத்தான் மங்கலாகவே இருக்கும். மறுபடி ஜிபார்ட்டெட், ரெகவரியைக் கடைசிக்குத் தள்ளு, பிறகு சி-யை நீட்டு.

க்ளோன்சில்லாவுக்கு முன் விண்டோஸை முழுமையாக அணைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பூட்டியபடி கிடக்கும், க்ளோன்சில்லா தொட மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். உள்ளே போனதும் டிவைஸ்-டிவைஸ், பிகினர், உள்ளூர் டிஸ்க்கிலிருந்து உள்ளூர் டிஸ்க்குக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். மூலத்தையும் இலக்கையும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். அது ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம். பக்கத்தில் காட்டும் மாடல் எண்ணையும் அளவையும் தாளில் எழுதிவைத்து ஒப்பிடுங்கள். எழுதும் முன் இரண்டு தடவை "சரியா?" என்று கேட்கும். அது சும்மா கேட்பதில்லை. தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால் காலி எஸ்எஸ்டியின் வெறுமையை உங்கள் டேட்டாவின் மேல் எழுதிவிடும்.

நேரக் கணக்கு எளிது. 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் சராசரியாக நொடிக்கு 100 எம்பி படிக்கும் என்று வைத்தால், நிரம்பியது 150 ஜிபி என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி. செக்டர் செக்டராக 1 டிபி முழுவதையும் படித்தால் 10,000 நொடி, அதாவது மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. அதையே கறுப்பு யுஎஸ்பி 2 துளையில் செருகினால் எட்டு மணி நேரம். நீலத் துளையைத் தேடுவது லாபம். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி-சாட்டா கேபிள் மட்டும் போதாது, தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள், ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள்.

பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற டாக்

இரண்டு டிஸ்க் செருகும் டாக்கில் கணினியே தேவையில்லை: மூலம் ஒரு துளையில், இலக்கு மறு துளையில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் 25, 50, 75, 100 என்று விளக்கு ஏறும். ஒரே மாதிரி பத்து கணினிகளுக்கு ஒரே டிஸ்க்கைப் பிரதியெடுக்கும் கடைக்கு இது சரியான பொருள். வீட்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம். செக்டர் செக்டராகத்தான் எடுக்கும், அதனால் இலக்கு சமமாகவோ பெரியதாகவோ இருந்தே ஆக வேண்டும். கெட்ட செக்டர் வந்தால் ஒன்று நின்றுவிடும், அல்லது சொல்லாமல் தாண்டிப்போகும். எதைத் தாண்டியது என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. துளை மாறிச் செருகினால் கேள்வி கேட்பார் இல்லை, டேட்டா போயே போயிற்று.

இமேஜ்: ஒரு கை அதிகம், ஒரு பயம் குறைவு

க்ளோனில் பழைய டிஸ்க் நேராகப் புதிய டிஸ்க்குக்குப் போகிறது. இமேஜில் நடுவில் மூன்றாவதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். அதில் கோப்பாக இறக்கி, அங்கிருந்து எஸ்எஸ்டிக்கு ஏற்றுவது. இரட்டை வேலைதான். ஆனால் புதிய டிஸ்க் பூட் ஆகாமல் சண்டித்தனம் செய்தால், பழையதை மறுபடி தொடாமலே இரண்டாவது, மூன்றாவது தடவை ஏற்றிப் பார்க்கலாம். வயதான டிஸ்க்கை ஒரே ஒரு முறை படித்தால் போதும். எல்லாம் முடிந்தபிறகும் அந்தக் கோப்பு பேக்கப்பாக மிஞ்சும். எக்ஸ்டர்னல் டிஸ்க் கையில் இருக்கிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

ஒரே ஒரு எம்.2 துளை (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) உள்ள லேப்டாப்பில் இமேஜ் தவிர வேறு வழி, என்விஎம்இ-க்கான (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) யுஎஸ்பி பெட்டி வாங்குவது. அங்கே ஒரு எச்சரிக்கை: எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ-யும் உண்டு. பெட்டியும் அதற்கேற்ப வேறு. விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுவது உறுதி. எஸ்எஸ்டியைப் பிடித்துவைக்கும் அந்தக் குட்டித் திருகு சில நேரம் கூட வராது, முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

சி5 ஏறிய டிஸ்க்: இங்கே க்ளோன் கருவிகள் வேண்டாம்

படிக்க முடியாத செக்டர் வந்ததும் விண்டோஸ் கருவிகள் "டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று, பிழை எண் 23-உடன் நிற்கும். அப்போது பலர் செய்வது, விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டவே கூடாது. அது கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பக் குடையும், அதோடு கோப்பு அட்டவணையில் எழுதவும் செய்யும்.

இதற்கென்றே உள்ளது குனு டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஓடும். இதன் சாமர்த்தியம் வரிசையில் இருக்கிறது: முதல் சுற்றில் எளிதாகப் படிக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிக்கலான இடத்தைத் தாண்டிப்போகும். எங்கெங்கே தாண்டியது என்று மேப் ஃபைல் ஒன்றில் குறித்துவைக்கும். இரண்டாம் சுற்றில் அந்த இடங்களை மட்டும் போய்த் தட்டும். முதல் சுற்றுக்கு எஃப், என் என்ற சுவிட்சுகள் போதும். இரண்டாவதற்கு எஃப், டி, அதோடு மூன்று முயற்சிக்கு ஆர்3. மூலம், இலக்கு, மேப் ஃபைல் என்ற வரிசை மாறக்கூடாது.

மேப் ஃபைலை வேறொரு பென்டிரைவில் வையுங்கள். லைவ் லினக்ஸின் மேசையில் வைத்தால் அது நினைவகத்தில்தான் இருக்கிறது; கரண்ட் போனாலோ டிஸ்க் தொங்கி மறுதொடக்கம் செய்ய நேர்ந்தாலோ மேப் போய்விடும், பத்து மணி நேர வேலை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேப் இருந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். யுஎஸ்பி கேபிள் வழியாக எடுக்காமல், டிஸ்க்கை நேராகச் சாட்டாவில் செருகினால் தொங்கல் குறையும். முடிந்தபிறகு செக்டிஸ்க் ஓட்டலாம், ஆனால் புதிய நகலில். எந்தக் கோப்பில் ஓட்டை விழுந்தது என்று தெரிய, டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையில் அந்த ஓட்டைகளை ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பி, அந்தச் சொல் உள்ள கோப்புகளைத் தேடலாம்.

டிஸ்க் டக், டக் என்று சத்தம் போட்டால் இதுவும் வேண்டாம். உடனே மின்சாரத்தை எடுத்துவிட்டு, டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்.

புதிதாக விண்டோஸ்: எப்போது நல்லது, எதை இழப்பீர்கள்

விண்டோஸ் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தால் க்ளோன் அந்த நொண்டலையும் சேர்த்து வேகமாக ஓட்டும், அவ்வளவுதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியான கணினி என்றால் எஸ்எஸ்டி மாற்றும் நாளே அதற்கும் நல்ல நாள். 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் டிஸ்க் மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

டிடிபி, ஜெராக்ஸ் கடைக் கணினிக்கும், டாலி ஓடும் கணினிக்கும் கணக்கே வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எனவே விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து, எல்லாப் பயனருக்கும் என்று குறிப்பிடாமல் நிறுவிய எழுத்துருக்கள் அந்தப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற மறைந்த வழியில் கிடக்கும். அங்கேயும் போய் எடுக்க வேண்டும். பேஜ்மேக்கர் 7-இன் சிடி தொலைந்துபோன கடையில் புது விண்டோஸ் போடுவது தற்கொலை, க்ளோன்தான். டாலி உரிமத்தைப் பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே சரண்டர் செய்துவிட்டு, புதியதில் ஆக்டிவேட் செய்வது தலைவலி இல்லாத வழி. க்ளோன் செய்தாலும் இதைச் செய்துவைப்பது நல்லது.

பூட் ஆகாத க்ளோன்

சாட்டாவிலிருந்து சாட்டாவுக்குப் போனால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குத் தாவும்போதுதான் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்ற நீலத்திரை. டிரைவர் விண்டோஸுக்குள் இருக்கும், ஆனால் பூட் நேரத்தில் அதை ஏற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. க்ளோனுக்கு முன்பே, விண்டோஸின் பூட் அமைப்பை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைக் குறித்துவிட்டு நகலெடுத்தால், புதிய டிஸ்க் முதல் தடவை சேஃப் மோடில் எழுந்து டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு குறியை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அக்கவுன்டின் பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும்.

பழைய லெகசி பயாஸ் (பழைய பூட் முறை) கணினியில் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை) டிஸ்க்கை என்விஎம்இ-க்கு க்ளோன் செய்து பயனில்லை. 2014-க்கு முந்தைய பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு, அடாப்டர் கார்டு போட்டாலும், என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அவற்றுக்குச் சாட்டா எஸ்எஸ்டிதான். ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவே போதுமான பாய்ச்சல். போர்டு யுஇஎஃப்ஐ-யாக (புதிய பூட் முறை) இருந்தும் டிஸ்க் மட்டும் எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10-இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கட்டளை டேட்டா அழியாமல் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றித்தரும். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும்.

டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் க்ளோனுக்கு முன்பே அணைத்து, பூட்டு முழுவதும் அவிழ்ந்து முடியும்வரை காத்திருங்கள். பூட்டியபடி எடுத்தால் க்ளோன்சில்லா காலி இடத்தையும் சேர்த்து முழு பார்ட்டிஷனையும் நகலெடுக்கும், புதிய டிஸ்க்கும் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்டு உட்காரலாம். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்களும் ஒருமுறை செட்டிங்ஸில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் உள்நுழைந்த புதிய லேப்டாப்புகளில் அது தானாகவே போட்டிருக்கும்.

முதல் பூட்டின்போது பழைய டிஸ்க் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், அல்லது நீங்கள் அறியாமல் பழையதிலிருந்தே எழும். லினக்ஸ் என்றால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி மோதும். பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு கோப்பு முறை) பார்ட்டிஷனின் நகல் இரண்டையும் சேர்த்து மவுன்ட் செய்தால் டேட்டாவே சிதையக்கூடும்.

எழுந்ததும் டிஃப்ராக் ஜன்னலைத் திறந்து, சி-க்கு நேரே "சாலிட் ஸ்டேட் டிரைவ்" என்று இருக்கிறதா பார்த்து, ஆப்டிமைஸ் கொடுங்கள். செக்டர் செக்டராக எடுத்த நகலில் காலி இடமும் நிரம்பியதாகவே எஸ்எஸ்டி நினைத்துக்கொண்டிருக்கும். ஆப்டிமைஸ் அனுப்பும் டிரிம் கட்டளை, எந்த இடம் காலி என்று சொல்லி அதைத் திருத்தும். பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி ஒரு மாதம் அப்படியே வையுங்கள். அதன்பிறகு வேறு கணினியில் இணைத்து, விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் க்ளீன் ஆல் கொடுத்தால் முழுவதும் சுழியமாகும். 1 டிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும், சரியான டிஸ்க் எண்ணைத்தான் செலக்ட் செய்தீர்களா என்று அளவை வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.